தூக்க மாத்திரை கேட்டு வருபவரிடம் என்ன செய்வது: மெடிக்கல் கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெடிக்கலில் புதிதாக வேலைக்கு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. அல்பிரசோலம் என்று யாராவது கேட்டால், தெரிந்த முகம்தானே என்று ஒரு அட்டையை எடுத்து நீட்டிவிடுபவர்கள் ஒரு வகை. "சீட்டு இல்லாம கிடையாதுங்க, அடுத்து யாரு?" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைத் திட்டுவோம். இரண்டாம் வகையைப் பாராட்டுவோம், ஏனென்றால் சட்டப்படி அவர்கள் செய்தது சரி. ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள்: "இதை எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

அந்தக் கேள்வியின் அருமை எங்களுக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. அறுபது தாண்டிய ஒரு அம்மா, நான்கு வருடமாக அல்பிரசோலம் 0.5, ஆரம்பத்தில் ராத்திரி மட்டும், பிறகு பகலிலும் ஒன்று. எழுதிக்கொடுத்த டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார், சீட்டு மடிப்பில் கிழிந்து இரண்டாகிக் கிடந்தது. அன்று நான் லீவு. புதிதாகச் சேர்ந்த தம்பி மறுத்தான், அந்த அம்மாவும் சத்தம் போடாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் மதியம் அவர் மகன் வந்து, "அம்மாவுக்கு ஃபிட்ஸ் வந்துருச்சு, என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேக்குறாரு" என்று வியர்த்து நின்றார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தம்பி மறுத்ததில் தப்பில்லை. மறுத்த பிறகு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதற்கப்புறம் யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே கீழே உள்ள வரிசையைச் சொல்லித் தருகிறேன். வரிசை முக்கியம், மாற்றாதீர்கள்.

1. கவுண்டருக்கு வருமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பட்டியல். உங்கள் கடையில் இருக்கும் தூக்க, பதட்ட மாத்திரைகளை எல்லாம் மூலப்பெயரோடு, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரோடு, ஒரே தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. காரணம் அடுத்த பகுதியில்.

இரண்டாவது, போன் நம்பர்கள். ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாட்டில் உடல்நல ஆலோசனைக்கு 104. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கம் தொடர்பான தேசிய உதவி எண் 14446. இவற்றை எல்லாரும் எழுதி வைப்பார்கள். எழுதி வைக்காதது ஒன்று உண்டு: உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தெந்தக் கிழமை, எந்த அறையில் உட்காருகிறார் என்பது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். "ஜி.எச்.சுக்குப் போங்க" என்றால் பாதிப் பேர் போகமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை காலையில, சீட்டு வாங்கிட்டு மாடியில ரெண்டாவது ரூம்" என்றால் போவார்கள்.

மூன்றாவது, கவுண்டரின் ஓரத்தில் பேச ஒரு இடம். பின்னால் நான்கு பேர் நிற்கும்போது "எத்தனை வருஷமா தூக்க மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். இன்சுலின் பிரிட்ஜ் பக்கம் ஒரு முழம் இடம் இருந்தால்கூடப் போதும்.

2. ரேக்கில் எது எது இந்தக் கூட்டம் என்று அறிதல்

அல்பிரசோலம், குளோனாசெபம், லோராசெபம், டயஸெபம், நைட்ரசெபம், குளோர்டயஸெபாக்சைடு, குளோபசாம், எட்டிசோலம். இவையும் இவற்றின் உறவுக்காரர்களும் மூளையில் காபா என்கிற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுபவை. சோல்பிடெம் வேறு குடும்பம் என்றாலும் வேலை செய்யும் இடம் ஏறக்குறைய அதே. பழைய பினோபார்பிடோனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலிப்புக்காக அதை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைத் திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு பொல்லாதது.

புதியவர்கள் விழுவது கூட்டு மாத்திரைகளில். வயிற்று வலிக்கு, அடிக்கடி கழிச்சலுக்கு என்று எழுதப்படும் குளோர்டயஸெபாக்சைடும் கிளிடினியமும் சேர்ந்த மாத்திரையை வாடிக்கையாளர் "கேஸ் மாத்திரை" என்றுதான் கேட்பார். அவருக்கு அது தூக்க மாத்திரை வகை என்று தெரியாது. கொடுப்பவருக்கும் பல நேரம் தெரியாது! அதேபோல் எஸ்சிட்டலோபிராமோடு குளோனாசெபம், அமிட்ரிப்டிலினோடு குளோர்டயஸெபாக்சைடு, புரோப்ரனாலாலோடு எட்டிசோலம். "படபடப்புக்கு", "நரம்புக்கு", "ஒத்தைத் தலைவலிக்கு" என்று பெயர் மாறி வருவார்கள். "தூக்க மாத்திரை ஏதும் எடுக்குறீங்களா?" என்றால் "ஐயையோ, அதெல்லாம் கிடையாது" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால்தான் மூலப்பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றேன்.

இன்னொரு சறுக்கல், மில்லிகிராம் எண்ணைப் பார்த்து ஏமாறுவது. "வெறும் பாயிண்ட் ஃபைவ் தானே, சின்ன டோஸ்" என்று நான் கேட்காத ஆண்டே இல்லை. அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் என்பது டயஸெபம் 10 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்டச் சமம். குளோனாசெபம் 0.5-ம் ஏறக்குறைய அவ்வளவே. லோராசெபம் என்றால் 1 மில்லிகிராம், குளோர்டயஸெபாக்சைடு என்றால் 25 மில்லிகிராம் அதே டயஸெபம் 10-க்குச் சமம். இவை தோராயக் கணக்குகள், ஆளுக்கு ஆள் மாறும், இதை வைத்து நீங்கள் மருந்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஆனால் தினம் 2 மில்லிகிராம் அல்பிரசோலம் எடுப்பவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்று மனதுக்குள் அளந்துகொள்ள உதவும்.

3. சீட்டைப் படிப்பது

முதலில் சட்டம், சுருக்கமாக. அல்பிரசோலம், டயஸெபம், குளோர்டயஸெபாக்சைடு, நைட்ரசெபம், மிடாசோலம், சோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச் 1 முதல் எச் 1 அட்டவணையில், அதாவது சீட்டோடு மட்டும் விற்று, தனிப் பதிவேட்டிலும் எழுத வேண்டிய மருந்துகளின் பட்டியலில், இருக்கின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாததும், சீட்டு வேண்டிய மருந்துகளின் பொதுப் பட்டியலான எச் அட்டவணையில் வரும், அட்டையில் என்.ஆர்.எக்ஸ் என்று சிவப்பில் இருந்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது என்று பொருள். எதுவானாலும் சீட்டு இல்லாமல் கிடையாது.

சீட்டில் பார்க்க வேண்டியவை: டாக்டரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு, மொத்தம் எத்தனை மாத்திரை. மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான். கொடுத்ததும் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதியை எழுதிவிட வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. இந்த முத்திரை இல்லாததால்தான் ஒரே சீட்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நான்கு கடை ஏறி இறங்குகிறது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்துக் கொடுக்காதீர்கள் என்பதற்கும் இதே காரணம்: படத்தின்மேல் எப்படி முத்திரை போடுவீர்கள்?

எழுதிய மருந்து ஸ்டாக் இல்லை என்றால் வேறு பிராண்ட் மாற்றிக் கொடுக்கும் உரிமையும் எச் அட்டவணையில் நமக்குக் கிடையாது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், புதுச் சீட்டு வரட்டும்.

குளோனாசெபமும் குளோபசாமும் கையெழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் "இது ஃபிட்ஸுக்கா, தூக்கத்துக்கா?" என்று கேளுங்கள். புள்ளியையும் இரண்டு தடவை பாருங்கள், 0.25 என்பது 2.5 ஆகிவிடக் கூடாது.

4. கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நான்கையும் கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் முன் கேட்க வேண்டும். மறுத்த பிறகு கேட்டால் பதில் வராது, கோபம்தான் வரும்.

முதல் கேள்வி, "எத்தனை நாளா எடுக்குறீங்க?" தினமும் எடுத்தால் இரண்டு மூன்று வாரத்திலிருந்தே உடம்பு பழக ஆரம்பிக்கலாம். மாதக்கணக்கு என்றால் பழகிவிட்டது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இரண்டாவது, "ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை?" சீட்டில் ஒன்று என்று இருக்கும், வாயில் மூன்று போகும். "சீட்டுல எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்காதீர்கள். "ஒரு அட்டை உங்களுக்கு எத்தனை நாள் வருது?" என்று கேளுங்கள். இதற்கு யாரும் பொய் சொல்வதில்லை, அட்டைக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். பதினைந்து மாத்திரை ஐந்து நாள் என்றால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது, "கடைசியா எப்போ போட்டீங்க?" இந்த ஒன்றுதான் அவசரத்தின் அளவைச் சொல்லும். ஐந்தாவது பகுதியில் விளக்குகிறேன்.

நான்காவது, "இதுக்கு முன்னாடி இதை விட்டப்போ என்ன ஆச்சு? ஃபிட்ஸ் வந்திருக்கா? தண்ணி பழக்கம் உண்டா?" முன்பு ஒருமுறை நிறுத்தி வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் வரும் அபாயம் அதிகம். குடியும் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும்.

கேட்கும் தொனி முக்கியம். "அடிக்ட் ஆயிட்டீங்களா?" என்ற வார்த்தையே வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் உடம்பு பழகிப்போகும், அது அவர் குணக்கேடு இல்லை, மருந்தின் இயல்பு. போதைக்காகத் தேடி அலைவது வேறு, அளவைக் கூட்டாமலே உடம்பு அதை நம்பிப்போவது வேறு. கவுண்டரில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது ரகம். கணவனை இழந்த துக்கத்தில் ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்து ஆறு வருடம் ஓட்டியவர்கள், நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத மில் தொழிலாளிகள், இப்படித்தான்.

5. எந்த நிலையில் நிற்கிறார் என்று பிரிப்பது

விடை கிடைத்ததும் ஆளை மனதுக்குள் மூன்றில் ஒன்றாக வையுங்கள்.

முதல் நிலை, புதிதாக ஆரம்பிப்பவர். முதல் சீட்டு, ஒரு வாரம் பத்து நாள். இவரிடம் இரண்டு நிமிடம் செலவு செய்தால் பின்னால் வரப்போகும் நான்கு வருடத்தை மிச்சப்படுத்தலாம். "இது கொஞ்ச நாளைக்கான மாத்திரைம்மா. தீர்ந்ததும் டாக்டரைப் பாருங்க, நீங்களா தொடராதீங்க. குடியோட சேர்க்காதீங்க. காலையில மயக்கமா இருந்தா வண்டி ஓட்டாதீங்க." வயதானவர் என்றால் ராத்திரி பாத்ரூம் போகும்போது விளக்கைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இந்த மாத்திரைகளால் அடிக்கடி வரும் கேடு.

இரண்டாவது நிலை, பல மாதமாக எடுப்பவர், இப்போது நன்றாக இருக்கிறார், சீட்டும் சரி. கொடுங்கள். ஆனால் "நீங்களா ஒரு நாள் திடீர்னு நிறுத்திடாதீங்க" என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டோ, யூடியூப் பார்த்தோ, கோவிலில் வேண்டிக்கொண்டோ ஒரே நாளில் விடுபவர்கள் நிறைய.

மூன்றாவது நிலை, மாத்திரை தீர்ந்துவிட்டது அல்லது தீரப்போகிறது, உடம்பு காட்டத் தொடங்கிவிட்டது. இதைத்தான் வித்ட்ராயல் என்கிறோம். மருந்து இத்தனை நாள் மூளையின் பரபரப்பை அழுத்திப் பிடித்திருந்தது, மூளையும் அதற்கு ஈடாகத் தன் பரபரப்பைக் கூட்டி வைத்திருக்கிறது. அழுத்திய கை எடுபட்டதும் அத்தனையும் மேலே வருகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, சுத்தமாகத் தூக்கமின்மை, குமட்டல், எரிச்சல். கூர்ந்து பார்த்தால் இன்னும் சில தெரியும்: டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பார், பில் மெஷின் சத்தத்துக்குத் திடுக்கிடுவார், காதில் ரீங்காரம், தோலில் எறும்பு ஊர்கிறது. சாதாரணப் பதட்டத்தில் இந்தக் கடைசி ரகம் அவ்வளவாக வராது. அதனால் "பழைய வியாதி திரும்பிடுச்சு" என்று அவரோ வீட்டாரோ சொன்னாலும் நீங்கள் சட்டென்று ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நேரக் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். அல்பிரசோலம், லோராசெபம் போல உடம்பை விட்டுச் சீக்கிரம் போகிறவற்றில் ஓரிரு நாளிலேயே ஆரம்பிக்கும். டயஸெபம் போல நீண்ட நேரம் தங்குபவற்றில் ஒரு வாரம் கழித்தும் வரலாம். அதனால்தான் ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பாட்டி, மாத்திரை டப்பாவைக் கொண்டுவர மறந்துவிட்டு, நான்காம் நாள் "யாரோ வாசல்ல நிக்கிறாங்க" என்று பிதற்றும்போது வீட்டில் எல்லாரும் வயசுக் கோளாறு என்கிறார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்ந்தவர் மூன்றாம் நாள் கட்டிலை விட்டு இறங்கி ஓடுவதும் பல நேரம் இதே கதைதான். பேரன் வந்து "பாட்டிக்கு ஏதாவது தூங்க மாத்திரை குடுங்க" என்று கேட்டால், ஊரில் என்ன சாப்பிட்டார் என்று விசாரிக்காமல் விடாதீர்கள்.

அல்பிரசோலத்தில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு: இரண்டு வேளைக்கு நடுவிலேயே மருந்து இறங்கி விடியற்காலையில் நடுக்கம் வரும். அவர் "மாத்திரை பத்தல" என்று கூட ஒன்று போடுவார். நமக்கு அது பேராசை மாதிரித் தெரியும். டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது.

6. மறுக்கும் முறை

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, மெதுவாகப் படியுங்கள்.

சீட்டு இல்லை, கொடுக்க முடியாது. ஆனால் "கிடையாது" என்பதோடு நிறுத்தினால் அவருக்கு மூன்று வழிதான் மிச்சம்: வேறு கடை, பக்கத்து வீட்டு மாத்திரை, அல்லது சாராயம். நான்காவது வழியை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

நான் சொல்வது ஏறக்குறைய இப்படி: "அண்ணே, சீட்டு இல்லாம நான் தர முடியாது. ஆனா நீங்க இத்தனை வருஷமா எடுக்கறதால இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும், நாளைக்குன்னு தள்ளிப் போடக் கூடாது. திடீர்னு நின்னா ஃபிட்ஸ் வரலாம். இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்க." தாள் என்றேனே, அதுதான் விஷயம். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொடுங்கள்:

அல்பிரசோலம் 0.5, தினம் 2, நான்கு வருடம். கடைசி மாத்திரை நேற்றிரவு. முன்பு ஃபிட்ஸ் இல்லை. சர்க்கரைக்கு மெட்பார்மின்.

இரண்டு வரி. டியூட்டி டாக்டருக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. இந்தத் தாள் இல்லாமல் போனால் அவர் "தூக்கம் வரல டாக்டர்" என்பார், டாக்டர் வேறு ஏதாவது எழுதி அனுப்புவார், விஷயம் வெளியே வரவே வராது. ராத்திரி என்றால் அரசு ஆஸ்பத்திரியின் கேஷுவால்டி 24 மணி நேரமும் திறந்திருக்கும். பழைய டாக்டரின் நம்பர் இருந்தால், வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அங்கேயே போன் போடுங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் இரக்கப்பட்டுச் செய்யும் தப்புகள் உண்டு. "இதைப் போட்டுப் பாருங்க, தூக்கம் வரும்" என்று அலர்ஜி மாத்திரையை நீட்டுவது முதலாவது. அதில் மந்தம் வரும், வித்ட்ராயலை அது தடுக்காது. வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டவும் செய்யும். நடுக்கத்துக்குப் புரோப்ரனாலால் கொடுப்பது அதைவிட மோசம். கை நடுக்கம் அடங்கும், படபடப்பு அடங்கும், வலிப்பு மட்டும் வரும் வழியில் வந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு நெருப்பை விட்டுவைத்த மாதிரி. அதுவும் சீட்டு வேண்டிய மருந்துதான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

"இன்னையோட விட்டுருங்க, நல்லது" என்று அறிவுரை சொல்லி அனுப்புவதும் தப்பு. நல்ல மனதோடு சொல்வார்கள். பீடி விடச் சொல்வது போல இதைச் சொல்லக் கூடாது.

7. தாமதிக்காமல் 108

வலிப்பு, ஆள் இடம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாதது தெரிவது, காய்ச்சலோடு கடும் நடுக்கம், உயிரை விடப்போவதாகப் பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கேள்வி, தாள், கவுன்சலிங் எதுவும் வேண்டாம், உடனே 108. வலிப்பு கவுண்டரிலேயே வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள நாற்காலியை நகர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். யாராவது சாவிக்கொத்தோடு ஓடி வருவார், அவரை நிறுத்துங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அளவுக்கு மேல் விழுங்கி எழுப்ப முடியாமல் குறட்டை விட்டால், "தூங்கட்டும்" என்று விடக் கூடாது, அதுவும் 108 தான்.

8. மற்ற மருந்துகளோடு சேர்த்துப் பார்ப்பது

ஒரே பையில் டிரமடால் என்கிற வலி மாத்திரையும் இந்த மாத்திரையும் போனால் மூச்சு மந்தமாகும் அபாயம். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதியிருப்பார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். போனை எடுங்கள். அதோடு, டிரமடாலுக்குத் தானாகவே வலிப்பைத் தூண்டும் குணம் உண்டு. மாத்திரை நின்றுபோன ஒருவர் உடம்பு வலிக்கு அதைக் கேட்டு வந்தால் இரட்டை ஆபத்து.

அல்பிரசோலம் எடுப்பவருக்குத் தேமலுக்கு இட்ராகோனசோல் அல்லது கீட்டோகோனசோல் மாத்திரை எழுதினால் ரத்தத்தில் அல்பிரசோலம் எகிறும். கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. இதை ஓரளவு எல்லாரும் படித்திருப்பார்கள். படித்தும் கவுண்டரில் ஞாபகம் வராதது எதிர்த்திசை: ரிஃபாம்பிசின். டிபி மருந்து ஆரம்பித்தவரின் கல்லீரல் அல்பிரசோலத்தை வேகமாகக் கரைக்கத் தொடங்கும். அதே மாத்திரையை அதே நேரத்தில் விழுங்குகிறார், ஆனால் இரண்டாவது வாரத்தில் கை நடுங்குகிறது. மாத்திரை நிற்காமலே வித்ட்ராயல். வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், பினைடாயின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

கார்த்திகை மாதத்துக்கு ஒரு குறிப்பு. மாலை போட்டவர்கள் குடியை ஒரே நாளில் விடுவார்கள், பக்தியின் பலம் அது. ஆனால் தினமும் நிறையக் குடித்தவருக்கு 6 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பின் பிதற்றல். "சாமிக்குக் கை நடுங்குது, ஒரு மாத்திரை குடுங்க" என்று மனைவி வந்து நிற்பார். குடியும் இந்த மாத்திரைகளும் மூளையில் தொடும் இடம் ஒன்றுதான், ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் இதே வகை மருந்தைக் கொடுத்துத்தான் இறக்குவார்கள். அதைக் கவுண்டரில் செய்ய முயலாதீர்கள், அனுப்பிவையுங்கள்.

9. குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தால்

குறைக்கும் திட்டம் டாக்டருடையது. அது நடக்கும்படி பார்ப்பது உங்கள் வேலை.

2025-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சில சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார்க்கலாம், எப்படியானாலும் 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். தாளில் சுலபம். அல்பிரசோலம் தினம் 1 மில்லிகிராம் எடுப்பவருக்கு 10 சதவீதம் என்றால் 0.1. கடையில் இருக்கும் சின்ன மாத்திரை 0.25, அதைப் பாதியாக்கினால் 0.125. ஆக முதல் படியே பன்னிரண்டரை சதவீதம். கீழே இறங்க இறங்க அதே அரை மாத்திரை 25 சதவீதம், 50 சதவீதம் என்று ஆகிவிடும். கடைசிப் படிகளில்தான் ஆட்கள் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுவே. இதைப் பார்த்ததும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் நீண்ட நேரம் தங்கும் மருந்துக்கு மாற்றுவதா, படிகளை இன்னும் தள்ளி வைப்பதா என்று முடிவு செய்வார்.

வாங்குபவருக்கு மாத்திரை வெட்டியை எடுத்துக் காட்டுங்கள், பிளேடால் வெட்டினால் பாதி தூளாகிவிடும். எஸ்.ஆர் என்று போட்ட மாத்திரையை வெட்டவே கூடாது, மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது ஒரேயடியாகக் கரைந்துவிடும். மொத்தமாகக் கொடுக்காமல், டாக்டர் ஒத்துக்கொண்டால், வாரா வாரம் கொடுங்கள். காலண்டர் தாளில் எந்தத் தேதி எவ்வளவு என்று பேனாவால் எழுதிக்கொடுங்கள்.

நடுவில் கஷ்டப்பட்டு வந்து நின்றால் "கொஞ்சம் பொறுங்க, சரியாயிடும்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். ஒரு படியில் கூடுதலாக நிற்கலாமா என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் அவசரமில்லை. எங்கள் கடைக்கு வரும் பால்காரர் ஒருவர் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார்.

10. பதிவேடும் பண்டிகைக் கணக்கும்

எச் 1 பதிவேட்டில் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை, அப்போதைக்கப்போதே எழுத வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ராத்திரி கடை சாத்தும்போது மொத்தமாக எழுதலாம் என்பவர்கள் டிரக் இன்ஸ்பெக்டர் வந்த அன்று முழிப்பார்கள். அந்த நோட்டைக் கவுண்டர் மேல் விரித்து வைக்காதீர்கள். அடுத்து நிற்பவர் தலைகீழாகவும் படிப்பார், சின்ன ஊரில் சாயங்காலத்துக்குள் செய்தி பரவும்.

பதிவேட்டை இன்ஸ்பெக்டருக்காக மட்டும் வைத்திருப்பது வீண். மாதம் ஒருமுறை பின்னோக்கிப் புரட்டுங்கள். முன்பு முப்பது நாளுக்கு ஒருமுறை வந்தவர் இப்போது இருபது நாளில் வருகிறாரா? மாதாமாதம் வந்தவர் ஆளையே காணோமா? இரண்டுமே விசாரிக்க வேண்டியவை. கூடினால் கவனிக்கிறோம், காணாமல் போனவரை யாரும் தேடுவதில்லை, அவர் மாத்திரை இல்லாமல் எங்கே என்ன நிலையில் இருக்கிறாரோ.

அப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்து நாள் முன்னால் ஒருமுறை நோட்டைப் பாருங்கள். பண்டிகை நாளில் யாருக்கெல்லாம் அட்டை தீருகிறது என்று அதிலேயே தெரியும். டாக்டர் ஊரில் இருக்க மாட்டார், கிளினிக் பூட்டிக் கிடக்கும், அவர்களும் சொந்த ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். இப்போதே போன் போட்டு, "அக்கா, லீவுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்து சீட்டு வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிடுங்கள். போன வருடம் பொங்கலுக்கு நான் போன் போட்டது ஒன்பது பேருக்கு. ஏழு பேர் வந்தார்கள், ஒருவர் வேறு கடையில் வாங்கிவிட்டதாகச் சொன்னார், ஒருவர் போனை எடுக்கவே இல்லை, அவர் வீட்டுக்குத் தம்பியை சைக்கிளில் அனுப்பினேன்.